முதல் டோம் டிசைன் கைக்கு வந்திருக்கிறதா? மெல்லிய ஓட்டுக் கணக்கை இந்த வரிசையில் போடுங்கள்

கல்லூரியில் பிளேட் அண்ட் ஷெல் (தட்டைத் தகடுகள், வளைந்த ஓடுகள் பற்றிய கணக்கு) விருப்பப் பாடமாகத்தான் இருந்தது, நான் எடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் 12 மீட்டர் விட்டத்தில் ஒரு தியான மண்டபம் வந்தது. எட்டுத் தூண், மேலே ஒரு ரிங் பீம் (வளைய உத்தரம்), அதன் மேல் கான்கிரீட் டோம். ஐந்து வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, எனக்குப் பதினொரு வாரம் இழுத்தது. தடுமாறிய ஒவ்வொரு இடத்தையும் அப்போதே நோட்டில் எழுதி வைத்தேன். உங்கள் மேசைக்கும் ஒரு டோமோ, தண்ணீர்த் தொட்டியின் மேல் மூடியோ, வளைந்த கூரையோ வந்திருந்தால் அந்த ஆறு வாரம் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வருவதெல்லாம் அதைச் சுற்றித்தான். மெல்லிய ஓட்டின் (தின் ஷெல், அதாவது டோம் மாதிரி வளைந்த மெல்லிய கான்கிரீட் கூரை) நடுப்பகுதி உங்களுக்குத் தொந்தரவே தராது. தொந்தரவு முழுக்க விளிம்பில். மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு ஏ4 தாளில் கைக்கணக்கு போட்டுவிட்டால், எந்த விளிம்பில் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன்.

1. கணக்குக்கு முன் கையில் இருக்க வேண்டிய தாள்கள்

ஆர்க்கிடெக்ட் வரைபடம், மண் பரிசோதனை அறிக்கை, சுமை விவரம், தரநிலை நூல்கள். இந்த நான்கும் முழுமையாக வராமல் தொடங்காதீர்கள்.

வரைபடத்தில் "டோம் விட்டம் 12 மீ, உயரம் 2 மீ" என்று போட்டிருப்பார்கள். அது உள்விட்டமா, வெளிவிட்டமா, ஓட்டின் நடுக்கோடா? உயரம் எங்கிருந்து, ரிங் பீம் மேல்மட்டத்திலிருந்தா அடிமட்டத்திலிருந்தா? நம் கணக்கெல்லாம் ஓட்டுத் தடிமனின் நடுக்கோட்டுக்குத்தான். வாய்மொழியாகக் கேட்டு விட்டுவிடாமல் எழுத்தில் வாங்குங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உயரம் 2 மீட்டருக்குப் பதில் 1.5 மீட்டர் ஆனால் ரிங் பீமின் இழுவிசை சுமார் 35 சதவீதம் கூடிவிடும். பார்வைக்கு அரை மீட்டர்தான், கம்பியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம்.

தரநிலைகளில் முதலில் வேண்டியது ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 2210. கான்கிரீட் ஓட்டுக் கூரைகளின் டிசைனுக்கானது, 1988 பதிப்பு. கட்டும் முறைக்கு ஐ.எஸ். 2204. அப்புறம் வழக்கமானவை: கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456, சுமைக்கு ஐ.எஸ். 875 பகுதி 2, காற்றுக்குப் பகுதி 3, நிலநடுக்கத்துக்கு ஐ.எஸ். 1893. தண்ணீர்த் தொட்டி என்றால் ஐ.எஸ். 3370 சேரும். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, இவற்றை வெளியிடும் பி.ஐ.எஸ். தளத்தில் பதிவு செய்துகொண்டால் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அலுவலகத்தில் யாரோ பத்து வருடம் முன்பு எடுத்து வைத்த ஜெராக்ஸை நம்பாதீர்கள், திருத்தங்கள் அதில் இருக்காது.

கலசம், விளக்கு, ஒலிபெருக்கி, உள்ளே தொங்கவிடும் சரவிளக்கு, எதுவாக இருந்தாலும் எடையோடும் இடத்தோடும் உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு 300 கிலோ கலசம் ஏழாம் வாரத்தில்தான் தெரிய வந்தது. அதன் விளைவைக் கீழே சொல்கிறேன்.

2. இது மெல்லிய ஓடுதானா என்று பாருங்கள்

வளைவு ஆரத்தைத் தடிமனால் வகுத்தால் 20-க்கு மேல் வர வேண்டும். எங்கள் டோமில் அடி ஆரம் 6 மீட்டர், உயரம் 2 மீட்டர். கோள ஆரம் = (6 × 6 + 2 × 2) ÷ (2 × 2) = 10 மீட்டர். தடிமன் 100 மி.மீ. விகிதம் 100. சரி, மெல்லிய ஓடுதான்.

விளிம்புக் கோணத்தின் சைன் 0.6, கோசைன் 0.8, அதாவது உச்சியிலிருந்து அளந்தால் கோணம் 36.87 பாகை. இந்த அளவுகள் எண்களாக அழகாக அமைந்துவிட்டன, பழகுவதற்கு நீங்களும் இதையே எடுத்துக்கொள்ளலாம்.

தடிமன் பற்றி ஒரு வார்த்தை. இரட்டை வளைவுள்ள ஓட்டுக்குக் குறைந்தது 40 மி.மீ. என்று தரநிலை சொல்லும். அது காகிதத்தில் சரி. தளத்தில் இரண்டு திசைக் கம்பி, கீழே கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்), மேலே கவர், அப்புறம் சாய்வில் நின்றுகொண்டு மட்டக்கட்டையால் இழுக்கும் கொத்தனாரின் கை, எல்லாம் சேர்ந்தால் 75-க்குக் கீழே போவது என் பார்வையில் தேவையில்லாத துணிச்சல். விளிம்பில் 150 வரை தடித்துக்கொண்டு போவது நல்லது.

3. சுமைகளை இரண்டு கூடையில் போடுங்கள்

ஓட்டின் பரப்போடு போகும் சுமை ஒரு கூடை, தரைப்பரப்பில் விழும் சுமை இன்னொரு கூடை. சொந்த எடையும் பூச்சும் முதல் வகை. கூரை மீது ஆள் ஏறும் சுமை இரண்டாம் வகை. இரண்டுக்கும் சூத்திரம் வேறு.

எங்கள் கணக்கில் சொந்த எடை சதுர மீட்டருக்கு 0.1 × 25 = 2.5 கிலோநியூட்டன். பூச்சு, நீர்க்காப்பு, டைல்ஸ் பதிப்பது எல்லாம் சேர்த்து 1.0. வளைந்த கூரையின் மீதான சுமைக்கு ஐ.எஸ். 875 ஒரு சூத்திரம் தருகிறது: 0.75-லிருந்து, 0.52 மடங்கு உயர–அகல விகிதத்தின் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும், 0.4-க்குக் கீழே போகக்கூடாது. நமக்கு 0.74 வரும், 0.75 என்றே வைத்தேன். மொத்தம் 4.25. இது தாழ்வான டோம் என்பதால் எல்லாவற்றையும் முதல் கூடையிலேயே போட்டேன், கொஞ்சம் பாதுகாப்புப் பக்கம் சாய்ந்த முடிவுதான் வரும். உங்கள் டோம் அரைக்கோளத்தை நெருங்கினால் அப்படிச் செய்யாதீர்கள், பிரித்தே போடுங்கள்.

4. மெம்ப்ரேன் கணக்கு: ஒரே தாள், அரை மணி நேரம்

மெம்ப்ரேன் (சவ்வு) கோட்பாட்டின் அடிப்படை எளிது. ஓடு மெல்லியது, வளைந்து எதிர்க்க அதற்குத் தெம்பு இல்லை, ஆகவே சுமை முழுவதையும் தன் பரப்புக்குள்ளேயே அமுக்கமாகவும் இழுப்பாகவும் கடத்திவிடும் என்று வைத்துக்கொள்கிறோம். மொமெண்ட், அதாவது ஓட்டை வளைக்கும் திருப்புமை, பூஜ்யம். கோள டோமில் இரண்டு விசைகள்தான். உச்சியிலிருந்து விளிம்புக்கு இறங்கும் திசையில் ஒன்று, அதை இறங்குவிசை என்று வைத்துக்கொள்வோம். கிடையாகச் சுற்றிவரும் திசையில் இன்னொன்று, அது வளையவிசை.

சொந்த எடைக்கு:

இறங்குவிசை = எடை × ஆரம் ÷ (1 + கோசைன்)

வளையவிசை = எடை × ஆரம் × [கோசைன் − 1 ÷ (1 + கோசைன்)]

உச்சியில் கோசைன் 1, ஆகவே இரண்டுமே 4.25 × 10 ÷ 2 = 21.25 கிலோநியூட்டன், ஒரு மீட்டர் அகலத்துக்கு. விளிம்பில் இறங்குவிசை 42.5 ÷ 1.8 = 23.6. வளையவிசை 42.5 × 0.244 = 10.4. எல்லாமே அமுக்கம்.

இதைத் தகைவாக மாற்றினால் 23.6 கிலோநியூட்டன் 100 மி.மீ. தடிமனில் பரவுகிறது, சதுர மி.மீட்டருக்கு 0.24 நியூட்டன். எம் 25 (சதுர மி.மீட்டருக்கு 25 நியூட்டன் வலிமை) கான்கிரீட்டுக்கு இது ஒன்றுமே இல்லை. முதல் தடவை இந்த எண்ணைப் பார்த்தபோது எங்கோ ஆயிரத்தால் வகுத்துவிட்டேன் என்று நினைத்து மூன்று முறை திரும்பப் போட்டேன். தப்பில்லை. ஓட்டின் நடுப்பகுதி அவ்வளவு சும்மாதான் இருக்கிறது.

உடனே ஒரு சரிபார்ப்பு செய்யுங்கள், இதை விடவே விடாதீர்கள். மொத்தச் சுமை = எடை × ஓட்டின் பரப்பு. பரப்பு 2 × 3.1416 × 10 × 2 = 125.7 சதுர மீட்டர், அதாவது மொத்தம் 534 கிலோநியூட்டன். இப்போது விளிம்பு இறங்குவிசையின் செங்குத்துப் பகுதியை விளிம்பின் சுற்றளவால் பெருக்குங்கள்: 23.6 × 0.6 × 37.7. அதுவும் 534 வர வேண்டும், வருகிறது. வரவில்லை என்றால் கோணத்தில் தப்பு, மேலே போகாதீர்கள்.

அடிக்கடி விழும் குழி ஒன்று இங்கே இருக்கிறது. வளையவிசை எல்லா இடத்திலும் அமுக்கமாக இருக்காது. சொந்த எடைக்கு உச்சியிலிருந்து சுமார் 51.8 பாகை வரைதான் அமுக்கம், அதற்குக் கீழே இழுவிசை. தரைப்பரப்புச் சுமைக்கு அந்த எல்லை 45 பாகை. நம் டோம் 36.87-லேயே நின்றுவிடுவதால் தப்பித்தோம். அரைக்கோள டோம் கேட்டு வந்தால், அடியில் வளைய இழுவிசை எடை × ஆரம் அளவுக்கு, அதாவது உச்சி அமுக்கத்தைப் போல இரண்டு மடங்கு வரும். கும்மட்டங்களில் கீழ்ப்பகுதியில் செங்குத்தாக வெடிப்பு ஓடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். அங்கே குறைந்தபட்சக் கம்பி என்று விட்டுவிடக்கூடாது, இழுவிசைக்குக் கணக்குப் போட்டு வளையக் கம்பி கொடுக்க வேண்டும்.

5. ரிங் பீம்: நேரத்தை இங்கே செலவழியுங்கள்

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா காய்ச்சிப் போடுவார்கள் அல்லவா, பட்டா இல்லாவிட்டால் ஆரக்கால்கள் விரிந்து சக்கரம் கழன்றுவிடும். ரிங் பீமுக்கும் அதே வேலைதான். ஓட்டின் விளிம்பு வெளிப்பக்கம் தள்ளுகிறது, அதைக் கட்டிப்பிடிப்பது ரிங் பீம். அது வளையும் பீம் என்பதைவிட இழுபடும் வளையம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இழுவிசை = விளிம்பு இறங்குவிசை × கோசைன் × அடி ஆரம் = 23.6 × 0.8 × 6 = 113 கிலோநியூட்டன்.

வலிமைக்கு மட்டும் பார்த்தால் 1.5 மடங்கு போட்டு எஃப்.ஈ. 500 (சதுர மி.மீட்டருக்கு 500 நியூட்டன் வலிமை) கம்பியில் 391 சதுர மி.மீ. போதும், நான்கு 12 மி.மீ. கம்பியில் முடிந்துவிடும். நான் முதலில் அப்படித்தான் போட்டிருந்தேன். கம்பியின் தகைவைச் சதுர மி.மீட்டருக்கு 150 நியூட்டனுக்குள் நிறுத்துங்கள் என்று எங்கள் டிசைனைச் சரிபார்த்த பேராசிரியர் சொன்னார். அப்படிப் பார்த்தால் 755 சதுர மி.மீ., அதாவது நான்கு 16 மி.மீ., கையில் 804 இருக்கிறது.

ஏன் என்று கேட்டேன். அவர் வாயால் சொல்லவில்லை, என்னையே கணக்குப் போடச் சொன்னார். ஓட்டின் விளிம்பு, மெம்ப்ரேன் விசையின்படி உள்பக்கம் நகர ஆசைப்படுகிறது, வெறும் 0.01 மி.மீ. ரிங் பீம் இழுபடுவதால் வெளிப்பக்கம் நகர்கிறது. 300க்கு 450 பீம் வெடிக்காமல் முழுதாக இருந்தால் அந்த நகர்வு 0.2 மி.மீ. அதே பீம் சுற்றிலும் வெடித்து, கம்பி மட்டும் இழுவிசையைத் தாங்குவதாக வைத்தால் 4 மி.மீ.க்கு மேல். ஓடும் பீமும் ஒரே வார்ப்பு, பிரிந்து போக முடியாது, ஆகவே அந்த வித்தியாசம் முழுவதையும் ஓட்டின் விளிம்பு வளைந்துதான் ஈடுகட்ட வேண்டும். 0.2-க்கும் 4-க்கும் இருபது மடங்கு. விளிம்பில் மொமெண்ட் எங்கிருந்து வருகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ரிங் பீமின் குறுக்குப்பரப்பைத் தாராளமாக வைத்து வெடிக்காமல் பார்த்துக்கொள்வது ஓட்டைக் காப்பாற்றும் வேலை. விட்டம் பெரிதாகப் பெரிதாக இதற்காகவே ரிங் பீமை முன்னிறுக்கம் (கம்பியை இழுத்து கான்கிரீட்டை முன்கூட்டியே அமுக்கி வைப்பது) செய்துவிடுகிறார்கள்.

அடுத்தது கம்பி ஒட்டு. சுற்றளவு 37.7 மீட்டர், கடையில் கிடைக்கும் கம்பி 12 மீட்டர், ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் நான்கு ஒட்டு வரும். கம்பி கட்டுபவர் வழக்கம்போல விட்டத்தைப் போல 50 மடங்கு, அதாவது 800 மி.மீ. ஒட்டு விடுவார். நேர் இழுவிசைக்கு ஐ.எஸ். 456 கேட்பது பிடிப்பு நீளத்தின் (கம்பி உருவி வராமல் இருக்க கான்கிரீட்டுக்குள் வேண்டிய நீளம்) இரண்டு மடங்கு. எம் 25-ல் 16 மி.மீ. கம்பிக்கு அது 1.55 மீட்டர், அதோடு ஒட்டைச் சுற்றிச் சுருள்கம்பியும் வேண்டும். வரைபடத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள், ஒட்டுகள் ஒரே இடத்தில் விழாமல் மாற்றி மாற்றி வருமாறு இடம் குறியுங்கள். பொதுக்குறிப்பில் போட்டால் யாரும் படிப்பதில்லை. நான் தளத்துக்குப் போனபோது முதல் சுற்று 800-ல் கட்டி முடித்திருந்தார்கள், பிரித்துக் கட்ட ஒன்றரை நாள் போனது.

ஓட்டின் நடுக்கோடு ரிங் பீமின் மையத்தின் வழியாகப் போகிறதா என்றும் பாருங்கள். பீம் மேலேயோ கீழேயோ தள்ளி உட்கார்ந்திருந்தால் முறுக்கமும் கூடவே வரும். தூண்களின் மேல் உட்காரும் பீம் என்பதால் தூணுக்குத் தூண் வளைவும் உண்டு, இழுவிசையோடு அதையும் சேர்த்துத்தான் கம்பி.

6. விளிம்பு மொமெண்ட் எவ்வளவு தூரம் உள்ளே வரும்?

ஆரத்தையும் தடிமனையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 10 × 0.1 = 1, வர்க்கமூலம் 1 மீட்டர். இந்த நீளத்தின் சுமார் 2.4 மடங்கு தூரத்தில் விளிம்புத் தொந்தரவு ஏறக்குறைய அடங்கிவிடும், 4 சதவீதம்தான் மிஞ்சும். ஆக விளிம்பிலிருந்து ஓட்டின் மேலேறி 2.4 மீட்டர் வரை இரண்டு அடுக்குக் கம்பி, அதற்கு மேல் நடுவில் ஒரே அடுக்கு. நாங்கள் 8 மி.மீ. கம்பியை 150 மி.மீ. இடைவெளியில் இரு திசையிலும் போட்டோம், விளிம்புப் பட்டையில் அதையே இரண்டு அடுக்காக.

இந்த ஒரு வர்க்கமூலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படியிலும் வேண்டும்.

7. இப்போது மென்பொருளைத் திறங்கள்

அலுவலகத்தில் ஸ்டாட் ப்ரோ, சாப் 2000 எது இருந்தாலும் போதும். உரிமம் இல்லாதவர்கள் ப்ரீபோமேக்ஸில் பழகலாம், இலவசம். நான் சறுக்கிய நான்கு இடங்கள், சறுக்கிய வரிசையிலேயே:

தாங்கிகள். இதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. டோம் விளிம்பு நோடுகள் (மாடலின் இணைப்புப் புள்ளிகள்) எல்லாவற்றையும் பின்டு, அதாவது எப்பக்கமும் நகராத தாங்கி, என்று கொடுத்துவிட்டேன். படம் அழகாக வந்தது, தகைவுகள் குறைவு, ரிங் பீமில் இழுவிசை கிட்டத்தட்ட பூஜ்யம். மகிழ்ச்சியோடு சரிபார்ப்புக்கு அனுப்பினேன். பேராசிரியர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "வளையத்துக்கு எவ்வளவு இழுவிசை?" என்று கேட்டார், என்னிடம் பதில் இல்லை. பின்டு தாங்கி என்றால் தரையே விளிம்பை வெளியே போகாமல் பிடித்துக்கொள்கிறது, ரிங் பீமுக்கு வேலையே இல்லை. நிஜத்தில் விளிம்பின் கீழே இருப்பது எட்டு ஒல்லித் தூண்கள், அவற்றால் அப்படிப் பிடிக்க முடியாது. தூண்களையும் அடித்தளம் வரை மாடலில் சேருங்கள். அல்லது விளிம்பில் செங்குத்தாக மட்டும் தாங்கல் கொடுத்து ஆரத்திசையில் விட்டுவிடுங்கள். அப்படி விட்டதும் இழுவிசை 113-ஐ ஒட்டி வர வேண்டும்.

கண்ணி அளவு, அதாவது மென்பொருள் ஓட்டைப் பிரித்துக்கொள்ளும் சின்னத் துண்டின் அளவு. முதல் மாடலில் 1 மீட்டர் கண்ணி. தொந்தரவின் அளவுகோலே 1 மீட்டர்தான், அதை ஒரே கண்ணியில் எப்படிப் பிடிக்க முடியும்? விளிம்புப் பட்டையில் அந்த வர்க்கமூலத்தின் கால்பங்காவது இருக்கட்டும், நமக்கு 250 மி.மீ. பிறகு இன்னும் பாதியாக்கி ஓட்டிப் பாருங்கள், விளிம்பு மொமெண்ட் பெரிதாக மாறாவிட்டால் போதும்.

உள் அச்சுகள். உச்சியில் முக்கோணக் கண்ணிகள் ஒவ்வொன்றும் தன் அச்சைத் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளும். எக்ஸ் திசைத் தகைவு என்று காட்டுவது ஒரு கண்ணியில் இறங்குவிசை, பக்கத்துக் கண்ணியில் வளையவிசை. வண்ணப்படம் திட்டுத்திட்டாக வந்தால் இதுதான் காரணம். அச்சுகளை உச்சியை மையமாக வைத்துத் திருப்பிவிட்டு அப்புறம் படியுங்கள்.

அலகு. சில மென்பொருள் ஓட்டு விசையை மீட்டருக்கு என்று தரும், சில தகைவாகத் தரும், மொமெண்டை மட்டும் மீட்டருக்கு என்று தரும். உச்சியில் 21.25 வருகிறதா, அல்லது 0.21 வருகிறதா என்று பார்த்தாலே புரிந்துவிடும். கைக்கணக்கு இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

பாதிக் கூரையில் மட்டும் சுமை வைத்தும், காற்று உறிஞ்சும் நிலையிலும் ஓட்டிப் பாருங்கள். மெம்ப்ரேன் சூத்திரம் சமச்சீரான சுமைக்குத்தான், மற்றதற்கு மென்பொருள்தான் துணை.

8. கலசம் மாதிரியான ஒற்றைச் சுமை

உச்சியில் ஒரே புள்ளியில் சுமை வைத்தால் மெம்ப்ரேன் கணக்கு முடிவிலிக்கு ஓடிவிடும். ஆகவே ஒரு அடிவளையம் வைத்து அதன் விளிம்பில் சுமை இறங்குவதாகப் போட வேண்டும். 300 கிலோ கலசத்தை 1 மீட்டர் விட்ட அடிவளையத்தில் வைத்தால், அங்கே இறங்குவிசை மீட்டருக்கு 19 கிலோநியூட்டன் அமுக்கம். கவனிக்க வேண்டியது அடுத்தது: வளையத் திசையில் அதே 19 இழுவிசையாக வரும். ஆள் சுமை இல்லாதபோது அங்கே நம்மிடம் இருக்கும் அமுக்கம் 17.5. ஆக நிகரம் சுமார் 1.5 இழுவிசை. 534 கிலோநியூட்டன் கூரையில் 3 கிலோநியூட்டன் என்ன செய்துவிடும் என்று நினைத்திருந்தேன். உச்சியைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்கு ஓட்டை 150 ஆகத் தடித்து, இரண்டாம் அடுக்குக் கம்பி சேர்த்தோம். ஏழாம் வாரத்தில் வந்த தகவல் என்பதால் வரைபடங்கள் மூன்றையும் திருத்த வேண்டியதாயிற்று.

9. நெளிந்து உள்வாங்குமா?

கோள ஓட்டுக்கு நெளிவு அழுத்தம் ஏறக்குறைய 1.18 × மீட்சிக்குணகம் × (தடிமன் ÷ ஆரம்) வர்க்கம். எம் 25-க்கு மீட்சிக்குணகம் சதுர மி.மீட்டருக்கு 25,000 நியூட்டன். நம் டோமுக்கு சதுர மீட்டருக்கு 2,900 கிலோநியூட்டனுக்கு மேல் வரும், நம் சுமை 4.25. பயமே இல்லை.

ஆனால் பெரிய, தாழ்வான டோமுக்கு இதை விட்டுவிடாதீர்கள். ஆரம் 40 மீட்டர், தடிமன் 75 மி.மீ. என்று போட்டுப் பாருங்கள், சூத்திரம் 104 தரும். நிஜ ஓடு சூத்திரம் சொல்வதைவிட வெகு முன்னதாகவே நெளியும், வார்ப்பில் வரும் சின்னக் குழிவுகளே போதும், அதற்கு ஆறில் ஒரு பங்காகக் குறையுங்கள். நாள்பட கான்கிரீட் தளர்வதற்கு இன்னும் மூன்றில் ஒன்று. மிஞ்சுவது 5.8, சுமையோ 3.6. பாதுகாப்பு காணாமல் போய்விட்டது. அங்கே தடிமனைத் தீர்மானிப்பது நெளிவுதான், அமுக்கத் தகைவு இல்லை.

10. சரிபார்ப்பு, கையெழுத்து, செலவு, நாள்

முதல் ஓட்டு டிசைனை வெளியாள் ஒருவரிடம் காட்டாமல் விடாதீர்கள். எங்களுக்குச் சரிபார்ப்புக் கட்டணம் 35,000 ரூபாய், தாங்கிகளை மாற்றி மறுபடி அனுப்பியதற்கு இன்னும் 10,000. அந்த இரண்டாம் தொகையை நீங்கள் மிச்சம் பிடிக்கலாம். அவருக்கு அனுப்பும் கட்டில் முதல் தாளாகக் கைக்கணக்கை வையுங்கள், அதன் பின் சுமைத் தாள், மாடல் படம், கைக்கணக்கும் மென்பொருளும் பக்கம் பக்கமாகப் போட்ட ஒரு அட்டவணை, கடைசியில் வரைபடங்கள். அந்த அட்டவணை இருந்தால் பாதிக் கேள்வி வராது. அனுமதிக்குப் போகும் தாள்களில் பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்து வேண்டும். அவர் உங்கள் அலுவலகத்தில் இல்லையென்றால் கடைசி நாளில் தேடாமல் முதல் வாரமே பேசி வையுங்கள்.

பொருள் செலவு சின்னது. கான்கிரீட் 12.6 கன மீட்டர், ரிங் பீமும் உச்சித் தடிப்பும் தனி. கம்பி ஏறக்குறைய ஒரு டன். செலவு முழுக்கச் சென்ட்ரிங்கில். தட்டையான தளத்துக்குக் கேட்கும் கூலியைப் போல நாலு மடங்கு கேட்டார்கள், பேசியும் மூன்றரை மடங்குக்குக் கீழே வரவில்லை. வளைவுச் சட்டங்களைத் தச்சர் ஒவ்வொன்றாக வரைந்து அறுக்க வேண்டியிருப்பதால் அது நியாயமான விலைதான். சாரச் சாமான் வாடகை நாள் கணக்கில் ஓடும், ஆகவே வரைபடம் கையெழுத்தாகும் வரை சாரம் இறக்கச் சொல்லாதீர்கள். என் தாமதத்தால் உரிமையாளர் 19 நாள் வெறும் வாடகை கட்டினார். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

நாள் கணக்கு இப்படி வையுங்கள்: தாள்கள் சேர ஒரு வாரம், கைக்கணக்கு இரண்டு நாள், மாடல் ஒரு வாரம், வரைபடம் ஒரு வாரம், சரிபார்ப்புக்குப் பத்து நாள்.

11. தளத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டியவை

கணக்கில் நீங்கள் வைத்த அனுமானங்களைத் தளத்தில் யாரும் ஊகிக்க மாட்டார்கள், அதனால் இவற்றை வரைபடத்திலேயே எழுதுங்கள்.

விளிம்பில் சாய்வு 37 பாகை. பம்ப் கான்கிரீட் மாதிரி இளகலாகக் கொண்டுவந்தால் வழிந்து கீழே குவியும், உச்சி மெலியும். கலவை கெட்டியாக, 50 முதல் 75 மி.மீ. ஸ்லம்ப் (ஈரக் கலவை சரியும் அளவு). ரிங் பீமில் தொடங்கி, சுற்றிச் சுற்றி மேலேறி உச்சியில் முடிக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஏற்றிக்கொண்டு போனால் சாரம் சாயும். தடிமனுக்கு 100 மி.மீ. கான்கிரீட் கட்டைகளை மீட்டருக்கு ஒன்றாக முன்பே பதித்து வையுங்கள், குச்சி சொருகிப் பார்ப்பதை நம்ப முடியாது. டோமில் தண்ணீர் கட்ட முடியாது, சணல் சாக்கு போட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், வெயில் படும் பக்கத்தில் இன்னும் கவனமாக.

சாரம் பிரிப்பது. உச்சியில் தொடங்கி, வட்டம் வட்டமாக வெளியே வர வேண்டும். ஓரத்து முட்டுகளை முதலில் எடுத்துவிட்டால் ஓடு உச்சி முட்டின் மேல் குடையாக நிற்கும், நாம் கணக்கே போடாத இழுவிசைகள் மேற்புறத்தில் வரும். எடுக்கும்போதும் ஒரேயடியாகத் தட்டிவிடாமல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தச் சொல்லுங்கள். க்யூப் (கான்கிரீட் கனசதுரத்தை நசுக்கிப் பார்க்கும் வலிமைச் சோதனை) முடிவு கையில் வராமல் கைவைக்க விடாதீர்கள்.

பிரிக்கும் அன்று நீங்களே போங்கள். நான் உச்சிக்கு அடியில் ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டு, கீழே நட்ட குச்சியில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். ரிங் பீமில் நான்கு இடத்தில் சுண்ணாம்பு அடித்திருந்தேன், வெடிப்பு வந்தால் வெள்ளையில் தெரியும். காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலை நான்கரைக்குக் கடைசி முட்டு வந்தது. குண்டு இறங்கியது பென்சில் கோட்டின் தடிமன் அளவுகூட இல்லை. சுண்ணாம்பு நான்கு இடத்திலும் அப்படியே இருந்தது. மறுநாள் காலையும் போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தேன், நீங்களும் ஒரு வாரம் வரை தினமும் குறியுங்கள்.